வேலையில் பாரபட்சம் காட்டுகிறார்கள், என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பளம், பதவி உயர்வு, ஷிப்ட், விடுப்பு என்று எதிலாவது தொடர்ந்து ஒதுக்கப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் பொருந்தும் விஷயங்கள்தான் அதிகம். சட்டம் வரும் இடங்களில் எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் ஊர் வக்கீல் சொல்வதே கடைசி வார்த்தை.

எனக்கு நடப்பது பாகுபாடுதானா? மேலாளர் சுபாவமே அப்படி இருக்கலாம் இல்லையா?

இருக்கலாம். அதனால்தான் "அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ?" என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, "என் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரிடமும் எரிந்து விழுகிறவர் மோசமான மேலாளர், அவ்வளவுதான். பத்து நிமிடத் தாமதத்துக்கு உங்களுக்கு மெமோ கொடுத்துவிட்டு, அதே தாமதத்துக்கு இன்னொருவரிடம் "பரவாயில்லை, உட்காருங்கள்" என்று சொன்னால் கதை வேறு. உங்கள் இருவரின் வேலையிலும் அனுபவத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பாலினத்திலோ சாதியிலோ மதத்திலோ நிறத்திலோ வித்தியாசம் இருக்கிறது என்றால், அங்கே விசாரிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆம் உடன்படிக்கை 1958-இல் வந்தது. இனம், நிறம், பாலினம், மதம், அரசியல் கருத்து, தேசியப் பின்னணி, சமூகப் பின்னணி ஆகியவற்றை வைத்து ஒருவரை வேறுபடுத்துவது, விலக்குவது, அல்லது இன்னொருவருக்கு முன்னுரிமை தருவது, அதன் விளைவாகச் சம வாய்ப்பு கெடுவது: இதைத்தான் அது பாகுபாடு என்கிறது. வயது, உடற்குறைபாடு, கர்ப்பம் போன்றவற்றைப் பல நாடுகள் தங்கள் சட்டங்களில் சேர்த்திருக்கின்றன. "விளைவாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். எதிராளியின் மனதுக்குள் வெறுப்பு இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும் என்று அந்த வரையறை கேட்கவில்லை. நாடுகளின் சட்டங்களில், வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லும் வழக்குகளுக்கு உள்நோக்கம் முக்கியம்தான். ஆனால் அதையும் பெரும்பாலும் ஒப்பீட்டை வைத்தும் தேதிகளை வைத்துமே நிறுவுகிறார்கள். ஆகவே ஒருவரின் மனதைப் படிக்க முயன்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். யாருக்கு என்ன கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று பாருங்கள்.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதானே" என்கிறார்கள். அப்போது பாகுபாடு எப்படி ஆகும்?

ஆகும். அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம் இருந்தது. அங்கே கறுப்பின ஊழியர்களைக் குறைந்த கூலி கொடுக்கும் ஒரே பிரிவில் மட்டும் வைத்திருந்தார்கள். மற்றப் பிரிவுகளுக்குப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி இருந்தது. பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1965-இல் நடைமுறைக்கு வந்ததும் கூடவே தேர்வுகளும் வந்தன. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சான்றிதழ் இல்லாமல் முன்பே அந்தப் பிரிவுகளில் சேர்ந்திருந்த வெள்ளையர்கள் வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு அந்தத் தகுதி தேவையில்லை என்பதற்கு அவர்களே சாட்சி. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: பார்வைக்கு நியாயமாக இருந்தாலும், ஒரு பிரிவினரை வெளியே நிறுத்துகிற, வேலைக்குத் தொடர்பில்லாத விதி செல்லாது.

உங்கள் அலுவலகத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: இந்த விதி இந்த வேலைக்கு எதற்கு? பதவி உயர்வுக்கான கூட்டம் எப்போதும் இரவு ஏழரைக்கே நடக்கிறது, குழந்தையை அழைத்து வரப் போக வேண்டியவர்கள் வருடா வருடம் பட்டியலில் இல்லை என்றால், ஏழரை மணி எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்கிறார். அந்த இடத்தில் என்ன சொல்வது?

நீளமாக வாதாட வேண்டாம். மூன்று விதமாகப் பேசலாம்.

"நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள், எனக்குப் புரியவில்லை" என்று நிதானமாகக் கேட்கலாம். கேலியை விளக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பின்வாங்குவார்கள். "இப்படிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை, இனிமேல் வேண்டாம்" என்று நேராகச் சொல்லலாம். பின்னால் புகார் என்று வந்தால், நிறுத்தச் சொன்னீர்களா என்று கேட்பார்கள், அப்போது இந்த ஒரு வாக்கியம் உதவும். மூன்றாவது, "சரி, வேலை விஷயத்துக்கு வருவோம்" என்று பேச்சை மாற்றுவது. எல்லா நாளும் சண்டை போடத் தெம்பு இருக்காது, அது தவறும் இல்லை.

கேலியையும் "நல்லெண்ண அறிவுரை"யையும் லேசாக விட்டுவிடாதீர்கள், அவையே பின்னால் சாட்சியமாகும். ஆன் ஹாப்கின்ஸ் அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பெரிய அரசு ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்தவர். பங்குதாரர் ஆக்குவதற்கு 1982-இல் பரிந்துரைக்கப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். அவரைத் தள்ளிவைத்தார்கள். இன்னும் பெண்மையாக நட, பேசு, உடுத்து, மேக்கப் போடு, நகை அணி என்று அவருக்கு ஆலோசனை சொன்னவர் அவருடைய நன்மையை நினைத்தே சொல்லியிருக்கலாம். ஆனால் 1989-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கைத் தாங்கியது அந்த ஆலோசனைதான். பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து முடிவெடுப்பதும் பாகுபாடே என்று நீதிபதிகள் ஏற்றார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வாயே வரவில்லை. இப்போது பேசினால் எடுபடுமா?

எடுபடும். உறைந்துபோவது மனித இயல்பு, விசாரணை நடத்துபவர்களுக்கும் அது தெரியும். மறுநாள் இரண்டு வரி ஈமெயில் போதும்: "நேற்றுக் கூட்டத்தில் நீங்கள் சொன்னது எனக்கு அவமானமாக இருந்தது. இனி அப்படிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

என்னவெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன்பே எழுதத் தொடங்கலாம். எழுதுவதால் எதற்கும் கட்டுப்பட்டுவிட மாட்டீர்கள். எழுதாமல் விட்டால் ஆறு மாதம் கழித்துத் தேதி குழம்பும், யார் அங்கே இருந்தார்கள் என்பது மறந்துபோகும். எதிர்த் தரப்பு முதலில் கை வைப்பதும் அந்தக் குழப்பத்தில்தான்.

"இன்றும் கேவலப்படுத்தினார்" என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், மார்ச் 4, காலை 11.20, இரண்டாவது மாடி மீட்டிங் ரூம். புதிய திட்டத்துக்குத் தலைமை தாங்க நான் கேட்டேன். 'கல்யாணம் ஆகப்போகிறது, உனக்கு எதற்கு இந்தப் பொறுப்பு' என்றார். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள் (பெயர்கள்). பொறுப்பு என்னைவிட இரண்டு வருடம் அனுபவம் குறைந்தவருக்குப் போனது." சொன்ன வார்த்தைகளை அப்படியே, அன்றைக்கே எழுதுங்கள். உங்கள் கோபத்தையும் எழுதலாம், ஆனால் தனி வரியில்.

கூடவே பழைய அப்ரைசல் கடிதங்கள், பாராட்டு ஈமெயில்கள், சம்பளச் சீட்டுகள், வேலை நியமனக் கடிதம், நிறுவனத்தின் நடத்தை விதிகள் எல்லாம் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். வேலையை விட்டு எடுத்தால் அலுவலக லேப்டாப்பும் ஈமெயிலும் அந்த நிமிடமே பூட்டப்படும். அதற்காக வாடிக்கையாளர் பட்டியலையோ மற்றவர்களின் சம்பளக் கோப்பையோ சொந்த ஈமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அந்த ஒரு காரணத்துக்காக உங்களையே குற்றவாளி ஆக்க முடியும். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிய வேண்டும், முன்னும் பின்னும் உள்ள செய்திகளும் வேண்டும்.

பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வது இடத்துக்கு இடம் வேறுபடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரகசிய உரையாடலைப் பதிவு செய்ய, பேசும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். வேறு பல மாநிலங்களில் ஒருவர் சம்மதம் போதும். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

ஹெச்.ஆர்.-இடம் போகலாமா? அவர்கள் நிர்வாகத்தின் ஆட்கள்தானே?

ஆமாம், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டே போங்கள். ஆனால் போகாமல் இருக்காதீர்கள். எழுத்தில் தெரிவித்த பிறகு "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று நிர்வாகம் சொல்ல முடியாது. வாய்மொழியாகப் பேசினால் அன்று மாலையே "இன்று நாம் பேசியதன் சுருக்கம்" என்று ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். "இதை நட்பாகச் சொல்கிறேன்" என்று ஹெச்.ஆர்.-இடம் ஆரம்பிக்க வேண்டாம். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களிடம் முதலில் பேசுவது நல்லது, கூட்டத்துக்குத் துணைக்கு ஆள் வருவார்.

பாலியல் துன்புறுத்தல் என்றால் இந்தியாவில் வழி தனி. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். குழுவின் தலைவர் பெண், வெளியிலிருந்து ஒரு உறுப்பினரும் உண்டு. சிறிய இடங்களில் வேலை செய்பவர்களும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

புகார்க் கடிதத்தை எப்படி எழுதுவது?

ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. என்ன நடந்தது என்று தேதி வரிசையில் சொல்லுங்கள். அதே நிலையில் இருந்த இன்னொருவர் எப்படி நடத்தப்பட்டார் என்று சொல்லுங்கள். சாட்சிகள், ஆவணங்கள் எவை என்று குறிப்பிடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

இரண்டு விஷயங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "பாகுபாடு" என்ற சொல்லே கடிதத்தில் இருப்பதில்லை. "அநியாயம்", "மரியாதைக் குறைவு" என்று மட்டும் எழுதினால் அது வெறும் மனத்தாங்கலாகக் கோப்பில் போய்விடும். "எனது பாலினத்தின் காரணமாக", "எனது மதத்தின் காரணமாக" என்று காரணத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இன்னொன்று, கோரிக்கை. "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் எதைச் செய்தாலும் தகுந்தது என்று சொல்லிவிடுவார்கள். "என் அப்ரைசலை வேறொரு அதிகாரி மறுபடி பார்க்க வேண்டும்", "விசாரணை முடியும்வரை நான் வேறொருவரின் கீழ் வேலை செய்ய வேண்டும்" என்று கேளுங்கள்.

எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

பொறுமைக்குச் சட்டம் பரிசு கொடுப்பதில்லை. பாலியல் துன்புறுத்தலுக்கான இந்தியாவின் 2013 சட்டத்தில் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். அமெரிக்காவில் அரசு ஆணையத்திடம் புகார் கொடுக்க 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். அலுவலகத்துக்குள் விசாரணை நடக்கிறது என்பதற்காக இந்தக் கெடு காத்திருக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான்: "உள்ளே பேசிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கையில் கெடு முடிந்துபோகும்.

லில்லி லெட்பெட்டரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 1998 வரை வேலை செய்தார், மேற்பார்வையாளர். கடைசிக் காலத்தில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர். யாரோ பெயர் போடாமல் எழுதி வைத்த துண்டுச் சீட்டால்தான் அவருக்கு இந்த வித்தியாசம் தெரியவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2007-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. சம்பளத்தை நிர்ணயித்த 180 நாளுக்குள் புகார் கொடுக்கவில்லை என்பது காரணம். தெரியாத ஒன்றைப் பற்றி அவர் எப்படிப் புகார் கொடுத்திருக்க முடியும்? இந்தக் கேள்வி நாடாளுமன்றம் வரை போய், 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. பாகுபாடான சம்பளம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கெடு புதிதாகத் தொடங்கும் என்று அது மாற்றியது. ஆனால் அவர் இழந்த சம்பளம் அவருக்குக் கிடைக்கவேயில்லை.

அதனால் சக ஊழியர்களோடு சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கூச்சத்தால் லாபம் அடைவது நீங்கள் இல்லை.

புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களே?

சில இடங்களில் செய்வார்கள். அப்படி எதுவும் நடக்காது என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அமெரிக்க ஆணையத்துக்கு வரும் புகார்களில் அதிகமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டே பழிவாங்கல்தான். ஆனால் பழிவாங்குவது பல நாடுகளில் தனிக் குற்றச்சாட்டு. முதல் புகார் நிரூபணமாகாவிட்டாலும் இது நிற்க முடியும், நீங்கள் உண்மையென்று நம்பிப் புகார் கொடுத்திருந்தால்.

ஷீலா ஒயிட் அமெரிக்காவில் ஒரு ரயில்வே நிறுவனத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளரைப் பற்றிப் புகார் கொடுத்ததும் அவரைத் தண்டவாள வேலைக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான், ஆனால் உடலை வதைக்கும் அழுக்கு வேலை. பிறகு 37 நாள் சம்பளமில்லாமல் சஸ்பெண்ட். பின்னால் அந்தச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நஷ்டம் எதுவும் இல்லையே என்று வாதாடினார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாதாரண ஊழியர் ஒருவரைப் புகார் கொடுக்கவே தயங்க வைக்கும் எந்த நடவடிக்கையும் பழிவாங்கல்தான் என்றது.

ஆகவே புகார் தேதியைத் தெளிவாகப் பதிவு செய்யுங்கள். அதற்கு முன்பு கிடைத்த நல்ல அப்ரைசலைப் பத்திரமாக வையுங்கள். புகாருக்குப் பிறகு திடீரென்று மெமோ மழை பொழிந்தால் அந்தத் தேதிகளே பேசும். அந்தக் காலத்தில் வேலைக்கு நேரத்துக்குப் போங்கள், விடுப்பை எழுத்தில் கேளுங்கள். வேறு காரணம் அவர்கள் கையில் சிக்கக் கூடாது.

"நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று என்மேலேயே நடவடிக்கை வருமா?" என்று பயப்படுகிறவர்களுக்கு: இந்தியாவின் 2013 சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆதாரம் போதவில்லை என்பதாலேயே அதைப் பொய்ப் புகார் ஆக்க முடியாது. கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னதாகத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும்.

சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. ஆனால் சொந்த ஊர், தெரு, அப்பா பெயர் என்று துருவுகிறார்கள்.

எதற்குத் துருவுகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். "ஏன் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டு நிறுத்துங்கள். பதில் சொல்ல எந்தக் கடமையும் இல்லை. கேள்வியையும் குறித்து வையுங்கள், அதற்குப் பிறகு உங்களுக்கு வந்த வேலைப் பங்கீட்டில் மாற்றம் தெரிகிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியரை மற்றவர் முன்னிலையில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது ஹெச்.ஆர். மேசையோடு முடிகிற விஷயம் இல்லை, போலீஸ் புகார் கொடுக்கலாம். வெளிநாட்டுக்குப் போனாலும் இது கூடவே வருகிறது. அமெரிக்க நகரங்களில் முதலாவதாக சியாட்டில் 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தன் சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்தது.

எனக்கு உடற்குறைபாடு இருக்கிறது. சில வசதிகள் கேட்டால் சலுகை கேட்பதாகப் பார்க்கிறார்கள்.

2006-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைப்படி, நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு. "எனக்கு இது முடியாது" என்பதற்குப் பதில், "இந்த ஏற்பாடு இருந்தால் இந்த வேலையை இப்படிச் செய்வேன்" என்று எழுதிக் கேளுங்கள்: திரை வாசிப்பான், தரைத்தளத்தில் இருக்கை, வேலை நேரத்தில் சிறு மாற்றம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பக்கத்தில் இருப்பவருக்கு நடக்கிறது. நான் தலையிடலாமா?

தலையிடுங்கள், ஆனால் அவரைக் கேட்டுவிட்டு. உங்கள் நியாய உணர்ச்சிக்காக அவருடைய வேலையைப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. கூட்டத்தில் அவர் சொன்னதை இன்னொருவர் தன் யோசனையாக்கினால், "இதைத்தான் அவர் சற்று முன்னால் சொன்னார்" என்று உரியவரின் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் தனியாக, "நான் பார்த்தேன். தேவைப்பட்டால் சாட்சி சொல்வேன்" என்று சொல்லுங்கள். தனியாக இருக்கிறோம் என்று நினைத்தவருக்கு அது பெரிய பலம். "அவர் நல்ல மனுஷர்தான், அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாதிக்கப்பட்டவரைப் பேசவே விடாமல் செய்வது இந்த வாக்கியம்தான்.

பணம் தருகிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்கிறார்கள்.

அதே மேசையில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். எந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கிறீர்கள், யாரிடமும் பேசக் கூடாது என்ற நிபந்தனை எவ்வளவு தூரம் போகிறது, அனுபவச் சான்றிதழில் என்ன எழுதுவார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் (கும்பலாக இல்லாமல் தனி ஆளாக) விலகுகையில், வயதுப் பாகுபாட்டுக்கு எதிராக வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமானால், யோசிக்கக் குறைந்தது 21 நாளும், கையெழுத்துக்குப் பிறகு மனம் மாற 7 நாளும் கொடுத்தாக வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் அவகாசம் கேட்கலாம். நல்ல தொகையும் நல்ல கடிதமும் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போவது தோல்வி இல்லை. எல்லோராலும் வருடக்கணக்கில் வழக்காட முடியாது.

தாங்க முடியவில்லை, ராஜினாமா செய்துவிடட்டுமா?

உடம்பும் மனசும் கெட்டுப்போகிறது என்றால் வெளியே வருவதை யாரும் குறை சொல்ல முடியாது. தூக்கமின்மை, படபடப்பு என்று இருந்தால் மருத்துவரிடம் போய், வேலையிடத்தில் நடப்பதையும் சொல்லுங்கள். அவர் எழுதி வைப்பதும் ஒரு ஆவணம். ஆனால் ராஜினாமாக் கடிதத்தில் வழக்கமாகப் போடும் "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வரியைப் போடாதீர்கள். தொடர முடியாத நிலையை உண்டாக்கி ஒருவரை விலக வைத்தால் அதை வேலைநீக்கமாகவே கருத பல நாடுகளின் சட்டத்தில் இடம் உண்டு. அந்த வரி அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடும். "இந்தத் தேதியில் கொடுத்த புகார் மீது நடவடிக்கை இல்லாததால் விலகுகிறேன்" என்று உள்ளதை எழுதுங்கள். கடிதத்தைக் கொடுக்கும் முன் ஒரு முறை சட்ட ஆலோசனை பெற்றுவிடுங்கள்.

புதிய இடத்தில் நேர்காணலில் "ஏன் விலகினீர்கள்?" என்று கேட்டால்?

பழைய அலுவலகத்தின் கதையை முழுக்க அங்கே கொட்ட வேண்டாம், பொய்யும் வேண்டாம். "அங்கே எனக்கு வளர வழி இருக்கவில்லை. இந்த வேலையில் நான் தேடுவது இது" என்று சொல்லிவிட்டு நீங்கள் செய்த வேலைகளுக்கு வந்துவிடுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் என்ன பேசலாம் என்று வக்கீலிடம் முன்பே கேட்டு வையுங்கள். திருமணம், குழந்தை பற்றிய கேள்வி அங்கேயும் வந்தால், "வேலை நேரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், எனக்கு அதில் சிரமம் இல்லை" என்று பதில் சொல்லலாம். உங்கள் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: கடந்த முறை இந்தப் பிரிவில் பதவி உயர்வு யாருக்குக் கிடைத்தது, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று.